இரகசியப் பை



செப்டெம்பர் எட்டாம் நாள் மாலையில் சிவாஜி நகர்ப் பக்கம் சென்றவர்கள் அக்காட்சியை எளிதில் மறவார். மரியன்னையின் பிறந்தநாள் அது. காவி உடுத்த பெண்டிரும், தோளிற் குழந்தையைச் சுமந்த ஆடவரும், ரசல் சந்தையின் பூக்கடைக்காரரும், எந்தச் சமயத்தார் என்று பிரித்தறிய இயலாத பெருங்கூட்டமும் தேரைக் காணக் காத்து நிற்பர். நம் நேயர்களிற் பலர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் இத்தேரைக் காட்டாமல் அனுப்புவதில்லை. ஆதலின் அதைப்பற்றி விரித்துரைக்க வேண்டுவதின்று. அதே எட்டாம் தேதியோடு தொடர்புடைய வேறொரு செய்தியை இம்மாதம் எழுதக் கருதினோம்.

அதற்கு முன் கோயிலைப்பற்றி ஒரு சொல். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிச் செஞ்சிப் பகுதியினின்று பிழைப்பு நாடி இங்கு வந்த தமிழ் உழவர்கள், நெல் பயிரிட்டு வாழ்ந்த இடத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையை எழுப்பி, அதனைக் காணிக்கை மாதா கோயில் என்றழைத்தனர். அவ்விடத்துக்குப் பிளாக்பள்ளி என்னும் பெயர் வழங்கிற்று. வெள்ளரிசி விளைந்த ஊர் என்னும் பொருள்படக் கன்னடத்தில் ‘பிளி அக்கிப் பள்ளி’ என்றிருந்ததே அவ்வாறு திரிந்தது என்பர் ஒரு சாரார். திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-க்குப் பின் மைசூர்ச் சீமைக்கு வந்த துபுவா பாதிரியார் அக்கொட்டகையிருந்த இடத்தில் சிறு கோயில் கட்டினார். நம் நாட்டு உடையை உடுத்தி, நம் நாட்டு உணவை உண்டு, ஊர் ஊராய் நடந்து, வைசூரிக்குத் தடுப்புப் பால் குத்திக்கொள்ளுமாறு மக்களை இணங்கச் செய்தவர் அவர். இப்போதுள்ள ஓங்கிய கோயில் 1882 செப்டெம்பர் 8-ல் அபிஷேகம் செய்யப்பெற்றது. 1974-ல் பசிலிக்கா என்னும் சிறப்பையும் பெற்றது. வேலை தேடி வந்த தமிழர் இவ்வூரில் முதலில் எழுப்பியவற்றுள் ஒன்று கும்பிட ஓரிடமும் அதைச் சுற்றிய கூட்டுறவுமே என்பதை நம் சங்கத்தார் நினைவிற் கொள்வது நலம். சங்கம் என்னும் பெயர் வருமுன்பே சங்கத்தின் வேலை நடந்திருக்கிறது.

இனி, அந்த எட்டாம் தேதி. 1853-ஆம் ஆண்டு அதே நாளில், பிரான்சு நாட்டு மார்செய்ல் துறைமுகத்தில் பிரெடெரிக் ஓசனாம் என்னும் பேராசிரியர் தம் நாற்பதாம் வயதில் காலமானார். சொர்போன் பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு இலக்கியம் கற்பித்தவர். தாந்தே என்னும் கவியை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். இவருக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்பீர்களாயின், நம் பங்குக் கோயிலின் பின்கட்டில், ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் ஒரு பழைய மேசையைச் சுற்றிப் பதினொருவர் கூடுகின்றனரே, அந்தக் கூட்டமே உறவு. அதன் பெயர் அர்ச்சியசிஷ்ட வின்சென்ட் தே பவுல் சபை.

ஓசனாம் மாணவராயிருந்த காலத்துப் பாரிஸ், 1832-ல் வாந்திபேதியால் ஆயிரமாயிரம் பேரைப் பறிகொடுத்த நகரம். மாணவர்கள் கழகம் கூட்டிச் சமயத்தைப்பற்றி வாதிடுவது வழக்கம். ஒருநாள் எதிர்க்கட்சி மாணவனொருவன் எழுந்து, உங்கள் சமயம் பண்டைக் காலத்தில் பெருமை செய்ததெல்லாம் சரி, இன்று உங்கள் வீதியிலுள்ள ஏழைக்கு நீங்கள் செய்வது யாது எனும் பொருள்பட வினவினான். விடை கூற இயலவில்லை. ஓசனாமும் நண்பரொருவரும் தம் அறையிற் குளிருக்கென வைத்திருந்த விறகிற் மிஞ்சியதைச் சுமந்து சென்று ஓர் ஏழையின் வீட்டிற் சேர்த்தனர் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. 1833 ஏப்ரல் 23, அவருக்கு இருபது வயது நிரம்பிய நாள், எழுவர் கூடிச் சபையைத் தொடங்கினர்.

தொடங்கினரேயொழிய, ஏழையை எங்குக் காண்பது, கண்டால் எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியாது. மூப்தார் தெருப் பக்கத்துச் சேரிகளில் நெடுங்காலம் உழைத்த ரொசாலி ரந்து என்னும் கன்னியாஸ்திரியிடம் சென்றனர். அவ்வம்மையார் குடும்பங்களின் பெயரைக் கொடுத்தார். ரொட்டிச் சீட்டும் கொடுத்தார். எப்படிப் படியேறுவது, எங்கு அமர்வது என்பதையுங் கற்பித்தார். கற்றறிந்த இளைஞர்கள் எழுத்தறிவில்லாதார் வீட்டு வாயிலில் நின்று பாடங் கேட்டது அவ்வாறே. இன்று ஏறத்தாழ நூற்றைம்பது நாடுகளில் அச்சபை உண்டு. அதை நடத்துபவர் குருக்கள் அல்லர். சம்பளத்துக்கு உழைத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு காணும் சாமானியர்களே.

அச்சபையின் வழக்கங்களுள் இரண்டை மட்டும் இங்குக் கூறுவோம். ஒன்று, வீட்டுக்குச் செல்லுதல். இருவர் இருவராக, உதவி வேண்டியவரின் இல்லத்துக்கே செல்லுதல். வரிசையில் நிற்கவைத்து வழங்குவது அவர்களுடைய முறையன்று. மற்றொன்று, இரகசியப் பை. கூட்டத்தின் இறுதியில் ஒரு துணிப்பை கைமாறி வரும். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு, விரித்த கையை வெளியே எடுப்பர். எவர் எவ்வளவு இட்டார் என்பது பக்கத்தில் அமர்ந்தவருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் கையில் ஒன்றுமில்லாதவர் வெறுங்கையை விட்டு எடுக்கலாம், அதுவுந் தெரியாது. நாள் முழுவதும் பேரேட்டோடு மல்லுக்கு நிற்கும் எழுத்தர் தொழில் நம்முடையது. பெயரில்லாத வரவு என்றால் தணிக்கை அதிகாரியின் முகம் கண்முன் வரும். ஆகவே முதன்முறை அப்பையைக் கண்டபோது, இது என்ன கணக்கு என்று மனத்துக்குள் நகைத்தோம். இப்போது நகைப்பதில்லை.

கத்தோலிக்கர் இந்நகரிற் செய்துவரும் தர்ம காரியங்கள் பலவென்பது நேயர்கள் அறிந்ததே. நல்லாயன் கன்னியர் 1886-ல் தொடங்கிய மார்த்தா மருத்துவமனையில் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் பிள்ளை பெற்றிருக்கின்றனர்! மாகடி சாலையில் தொழுநோய்ப்பட்டோருக்கென 1970-களின் பிற்பகுதியில் எழுந்த சுமனஹள்ளி உண்டு. கொரோனாக் கொள்ளைநோய் மிகுந்த 2021-ல், உறவினரும் நெருங்க அஞ்சிய உடல்களை அடக்கஞ் செய்ய முன்வந்த இளைஞர்களிற் கத்தோலிக்க வாலிபர் பலர் இருந்தனர். இவையெல்லாம் தனித்தனியே எழுதத்தக்கவை.

ஓசூர்ச் சாலை முதியோர் இல்லத்தைப்பற்றி மட்டும் சற்று நின்று செல்வோம். ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்னும் கன்னியர் 1900-ல் இங்கு ஏற்படுத்தியது அது. அச்சபையின் மூதாட்டி ழான் ழூகான், பிரான்சில் வீட்டு வேலை செய்து பிழைத்தவர். 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், கண்ணிழந்து ஆதரவற்றிருந்த முதியவள் ஒருத்தியைத் தம் இருப்பிடத்துக்கு எடுத்துவந்து, தம் படுக்கையை அவளுக்கு விட்டுத் தாம் பரண்மேற் படுத்தார். பின்னர்க் கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று அம்முதியோருக்காக இரந்தார். நிரந்தர வருவாய் தரும் சொத்தை நம்பாமல், அன்றன்று கிடைப்பதைக் கொண்டு நடத்துவது அச்சபையின் வழி. இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. சபை வளர்ந்தபின் அவ்வம்மையாரைத் தலைமையினின்று விலக்கி ஒரு மூலையில் அமர்த்திவிட்டனர். 1879-ல் மறையும் வரை இருபத்தேழு ஆண்டுகள் அங்கேயே இருந்தார். இவரே சபையை நிறுவியவர் என்பது உடனிருந்த இளங்கன்னியர் பலருக்குத் தெரியாது, அவரும் சொல்லவில்லை. 2009-ல் பாப்பரசர் அவரை அர்ச்சியசிஷ்டவர் வரிசையிற் சேர்த்தபோதுதான் உலகறிய அவர் பெயர் ஒலித்தது. கொடுத்தவர் பெயரைக் கல்லிற் பொறித்து மின்விசிறியின் இறக்கையிலும் எழுதும் பழக்கமுடைய நமக்கு இது விளங்கச் சற்று நேரம் பிடிக்கும்.

பெரியோரைப்பற்றி எழுதுவது எளிது. இனி எழுதப்போவது நம்மைப்பற்றியது, அத்துணை எளிதன்று.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, பூசை முடிந்த வேளையில் ஒரு பெண்மணி கோயில் வாயிலில் நின்று சபையாரைக் கேட்டார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து ஓராண்டாகவில்லை. கணவர் சென்ட்ரிங் வேலைக்காரர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார். இரு பிள்ளைகள். தாம் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துப் பீஸ் வேலை செய்வதாகவும், இம்மாதம் வாடகையும் மருந்தும் சேர்ந்து நெருக்குவதாகவும் கூறினார். கிறிஸ்தவர் அல்லர், அடுத்த வீட்டம்மாள் சொல்லி வந்தவர். சபை மதம் பார்ப்பதில்லை, அதனால் தடையில்லை. தடையாயிருந்தது நம் கையிலிருந்த நோட்டுப் புத்தகம். பெயர், விலாசம், பங்குக் குடும்ப எண், பரிந்துரைப்பவர் பெயர் என்று கட்டம் போட்டு அழகாகத் தயாரித்தவர் நாமே. அவருக்கு எண்ணும் இல்லை, பரிந்துரைப்பவரும் இல்லை. ‘விசாரித்து அடுத்த வாரம் சொல்கிறோம் அம்மா’ என்று அனுப்பிவைத்தோம்.

அடுத்த வாரம் உறவினர் வீட்டுக் கலியாணம். அதற்கடுத்த ஞாயிறுதான் சென்றோம். நம்முடன் வந்தவர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கன்னடப் பெரியவர். சபையில் முப்பதாண்டு பழகியவர். நாமெல்லாம் அண்ணா என்றழைப்போம். ஒரே முற்றத்தைச் சுற்றிப் பத்து அறைகள், இரண்டு குழாய்கள். அரிசியும் பருப்பும் எண்ணெயும் சுமந்து சென்ற நாம் வாயிலில் நின்றோம். அப்பெண்மணி முகஞ் சுளிக்கவில்லை. உள்ளே அழைத்து உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கணவர் பாயிலிருந்து கைகூப்பினார். மூலையில் தையல் மிஷின் இருந்ததற்கு அடையாளமாகத் தரையில் நான்கு தடங்களும், ஒரு நூற்கண்டும் இருந்தன.

‘அரிசிக்கு எப்படியோ வழி பண்ணிக்கிட்டேன் அண்ணா. போன வாரம் வந்திருந்தீங்கன்னா மிஷின் தப்பிச்சிருக்கும்’ என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோற் சொன்னார். மூவாயிரத்துக்கு விற்றாராம். புதிதாக வாங்க அதைப்போற் சில மடங்கு ஆகும் என்பது தையல் தெரிந்த வீட்டார் அறிவர். நாம் கொண்டுசென்ற பையைக் கீழே வைக்கவும் கூசிற்று.

அண்ணா பேச்சை மாற்றினார். பிள்ளைகள் எந்தப் பள்ளி, மாமியார் எங்கே, என்று மெல்லக் கேட்டுக்கொண்டே சுவரிற் தொங்கிய ஒரு பையைப் பார்த்தார். அதில் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை இருந்தது. ‘இது இங்க செல்லாதுங்களே’ என்றார் அப்பெண்மணி. செல்லும் என்பதை இவ்விடத்தில் நம் நேயர்களுக்கும் சொல்லிவைக்கிறோம். ஏனெனில் நம் சங்கத்துக் குடும்பங்களிலேயே பலர் இதை அறியார். ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை என்னும் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. கர்நாடகமும் அதில் உண்டு. முன்னுரிமைக் குடும்ப அட்டை, அந்தியோதயா அட்டை ஆகியவற்றை உடையார், ஆதார் எண் இணைக்கப்பட்டிருந்தால், இவ்வூர் நியாய விலைக் கடையிலும் கைரேகை வைத்து மத்திய அரசின் தானியத்தைப் பெறலாம். முன்னுரிமை அட்டைக்கு ஆளொன்றுக்கு மாதம் ஐந்து கிலோ; 2023 ஜனவரி முதல் அதற்கு விலையில்லை. ஊரில் தங்கிய முதியவர் தம் பங்கை அங்கே வாங்க, இங்கிருப்பவர் தம் பங்கை இங்கே வாங்கலாம். அட்டையை மாற்ற வேண்டுவதில்லை. மாநில அரசு தன் செலவில் கூடுதலாகத் தருபவை மட்டும் அவ்வம் மாநிலத்தோடு நிற்கும். முன்னுரிமையில்லா அட்டைக்கு இவ்வசதி கிடையாது.

மறுநாள் அண்ணாவே அவரை அழைத்துச் சென்றார். கடைக்காரர் முதலில் வெளிமாநில அட்டை என்று தள்ளினார். அண்ணா கன்னடத்தில் பொறுமையாக எடுத்துரைத்தபின் கருவியில் எண்ணைப் போட்டுப் பார்த்தார். ஊசியும் நூலும் தேய்த்த விரல் இருமுறை ரேகை பிடிக்கவில்லை. கையைக் கழுவித் துடைத்து மூன்றாம் முறை வைத்தபோது பிடித்தது. நான்கு பேருக்கு இருபது கிலோ. நாம் தூக்கிச் சென்றது ஐந்து கிலோ, அதுவும் ஒருமுறைக்கு. இதை எந்த நோட்டுப் புத்தகத்துக் கட்டத்தில் எழுதியிருப்போம்? வீட்டுக்குட் சென்று அமர்ந்த அரைமணி நேரத்தில் பெரியவர் கண்டது, பதினைந்து நாள் நம் நோட்டிற் கிடந்த பெயரால் விளங்கவில்லை.

அந்த ஞாயிறு இரகசியப் பையை அவிழ்த்து எண்ணினோம். வழக்கமாக அறுநூறு எழுநூறுக்குள் இருப்பது, ஆயிரத்து நானூறைத் தாண்டிற்று. நம் கை எவ்வளவு இட்டது என்று எழுதினால் பைக்குப் பெயர் கெட்டுவிடும். அத்தொகையைக் கொண்டு ஒரு தையல் மிஷினை மாத வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். சொந்த மிஷின் போனது போனதுதான். கணவர் இப்போது கோலூன்றி முற்றம் வரை நடக்கிறார். வீட்டுக்காரர் முன்பணத்தில் வாடகையைக் கழித்துக்கொண்டு வருகிறார். பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கட்டிக் குடிபுகுந்த நேயர்களுக்கு, அது கரைவதன் பொருளை நாம் விளக்க வேண்டுவதில்லை. அது தீருமுன் அவர் வேலைக்குத் திரும்பவேண்டும். நோட்டுப் புத்தகம் இன்னும் உண்டு. ஆனால் இப்போது வீட்டுக்குப் போய்வந்த பிறகே அதைத் திறக்கிறோம்.

இதனை நம் சங்க இதழில் எழுதக் காரணம் ஒன்றுண்டு. சென்ற ஆண்டு பள்ளி திறக்குங் காலத்தில் நம் சங்கம் ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் வழங்கியது. நல்ல காரியமே. மேடையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பையைப் பிடித்த கையும் கொடுத்த கையும் தெரியப் படமெடுத்து, இதே இதழில் அச்சிட்டோம். படத்துக்குக் கீழ் நாலு வரி எழுதியவரும் நாமே. அப்படத்திலிருந்த ஒரு பையன், இதழ் வந்த வாரத்திலிருந்து அப்பையை எடுத்துச் செல்ல மறுத்துவிட்டான். பழைய துணிப்பையிலேயே புத்தகம் கொண்டுபோகிறான். அவன் வகுப்பிற் படிக்கும் மற்றொரு பிள்ளையின் வீட்டுக்கும் நம் இதழ் செல்கிறது. அவன் தாயார் இதை நம்மிடம் சொன்னபோது, படம் நன்றாக வந்திருந்தது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் சொன்னார்.

வரும் பொங்கலுக்குப் புத்தாடையும் அரிசியும் வழங்கப் போகிறோம். இம்முறை மேடை வேண்டா, படம் வேண்டா, உறுப்பினர் இருவர் இருவராக வீட்டுக்கே சென்று கொடுப்போம் என்று செயற்குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நன்கொடை தருவோர் படத்தைக் கேட்கின்றனர், படமில்லையேல் அடுத்த ஆண்டு கொடுக்கமாட்டார்கள் என்பது பொருளாளர் வாதம். அதிலும் உண்மையில்லாமற் போகவில்லை. துணிக்கடைக்காரர் பாக்கியை அவர்தாம் கட்டவேண்டும். வீடு வீடாகச் செல்ல ஆள் போதாது என்பது இன்னொருவர் கவலை. நாற்பது வீடுகள், இருவர் இரண்டு வீடு செல்வதாயின் இருபது இணைகள் வேண்டும். இதுவரை பெயர் கொடுத்தவர் ஒன்பதின்மர். அதிலும் பெண்கள் இருவரே. பெண்கள் இல்லாத இணை சில வீடுகளில் வாயிலோடு நிற்க நேரும். செயற்குழு அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூடுகிறது.